ஞாயிற்றுக்கிழமை நோயாளி

சிந்தசைசர் எக்காரணம் கொண்டும் சரியாகிவிடக் கூடாது என்று காசிநாதன் தீர்மானம் செய்தபோது, அது சரியாகி அரை மணி நேரம் ஆகியிருந்தது.

தீர்மானம் செய்வது அவருக்குப் புதிதல்ல. சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளை எடை போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று, இனிமேல் காலை ஏழு மணிக்கு முன் எழுந்திருப்பதில்லை என்று தீர்மானம் செய்தார். மறுநாள் விடிவதற்கு முன்பே விழிப்பு வந்துவிட்டது. ஏழு மணி வரை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு படுத்துக் கிடந்தார். தீர்மானம் என்றால் தீர்மானம்.

அடுத்த தீர்மானம் மலையைப் பற்றியது. அவர் மனைவி மணிமொழி நர்ஸ். கல்வராயன் மலையில், கரியாலூரைத் தாண்டி ஒரு சின்ன சுகாதார நிலையத்தில் வேலை. பக்கத்திலேயே குவார்ட்டர்ஸ். திங்கட்கிழமை விடியற்காலை கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறினால், சனிக்கிழமை சாயங்காலம்தான் வந்து இறங்குவாள். காசிநாதன் வேலையில் இருந்தவரை இது ஒரு குறையாகத் தெரியவில்லை. அவர் ஓய்வு பெற்ற பிறகுதான் வாரத்தில் இத்தனை நாட்கள் இருப்பது தெரிந்தது.

"நீங்கதான் ரிட்டயர் ஆயிட்டீங்களே, அங்க வந்து இருங்களேன்," என்றாள் மணிமொழி. "குவார்ட்டர்ஸு நல்லாத்தானே இருக்குது."

"நானா? மலை மேலயா?"

"ஏன், மலைக்கு இன்னா?"

"வளைவுக்கு வளைவு வாந்தி வரும்."

"நான் நர்சுதானே. பாத்துக்கறேன்."

"அது மட்டும் இல்ல மணி. இந்த ஊர்ல நான் காசிநாதன் சாரு. அங்க வந்தா நர்சம்மா வூட்டுக்காரரு."

"இங்க மட்டும் யாரு வூட்டுக்காரரு?"

காசிநாதன் அந்தக் கேள்வியைக் காதில் வாங்காதவர் போல நகர்ந்தார். "நீ மாறுதல் கேளு. கீழ எங்கயாச்சும் குடுப்பாங்க."

"நான் வேல பாக்குறவ. நீங்க சும்மா இருக்கறவரு. யாருங்க நகர்றது சுலபம்?"

"சும்மா இருக்கறதுக்கும் எடம் பழகணும்ல?"

அதோடு பேச்சு நின்றது. மணிமொழி இறங்கி வருகிறவரை தான் ஏறுவதில்லை என்று காசிநாதன் தீர்மானம் செய்தார். மணிமொழி தீர்மானம் எதுவும் செய்யவில்லை. அவளுக்குத் திங்கட்கிழமை பஸ் இருந்தது.

பஸ் போன பிறகு வீடு பெரிதாகிவிடும். ஒரே மகள் அபிநயா ஓசூரில் வேலையாக இருந்தாள்; ஞாயிறு தோறும் போன் செய்து, "அப்பா, அம்மாகிட்ட குடு," என்பாள். மற்ற நாட்களில் போன் மேசை மேல் சும்மா கிடந்து சார்ஜ் ஏறும். காசிநாதன் ஒரு ஆளுக்குச் சோறு வடிப்பார். பக்கத்து அறையில் டிவியை ஓடவிட்டு, யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு சமையலறையில் இருந்தபடியே பதில் சொல்வார். ஒரு நாள் கேரம் போர்டைத் தூசி தட்டி எடுத்துத் தனியாக ஆடினார். தோற்றுப்போனார்.

அந்தச் சமயத்தில்தான் பரணிலிருந்து சிந்தசைசர் இறங்கியது.

இளமையில் காசிநாதன் கோமுகி இன்னிசைக் குழுவில் சிந்தசைசர் வாசித்தவர். கல்யாண வீடு, கோயில் திருவிழா, ஒருமுறை உளுந்தூர்பேட்டையில் லாரிக்காரர்கள் நடத்திய ஆயுத பூஜை என்று சுற்றாத இடமில்லை. ஜப்பானில் செய்த பழைய பெட்டி. இரண்டு பக்கமும் மரச் சட்டம், நடுவில் கறுப்புத் திருகுகள், கனத்தில் அரை மூட்டை அரிசி. அதில் புல்லாங்குழல் வரும், வயலின் வரும். குருவி கத்தும். ரயில் ஓடும். ஆனால் இப்போது பொத்தானை அழுத்தினால் ஒரு பெரிய வண்டு மாதிரி 'ஙொய்ய்ய்' என்று முனகிவிட்டு அணைந்து போயிற்று.

கோளாறு பவர் சப்ளையில். பவர் சப்ளை என்பது சிந்தசைசருக்குச் சமையலறை. சுவரிலிருந்து வருகிற கரண்டை அது அப்படியே சாப்பிடாது. குறைத்து, வடிகட்டி, பதமாக ஊட்ட வேண்டும். அந்த வடிகட்டுகிற வேலையைச் செய்வது கண்டன்சர் என்கிற சின்ன டப்பா. ஃபேனிலும் உண்டு, மோட்டாரிலும் உண்டு. வயதானால் அதன் தலை பூரி மாதிரி உப்பிக்கொள்ளும். அப்புறம் வடிகட்டாது.

இதைக் கண்டுபிடிக்கவே காசிநாதனுக்குப் பல வாரங்கள் ஆயின. பெட்டிக்குள் இருட்டு. ஒரு கையில் சூடான சால்டரிங் அயர்ன், மறு கையில் ஈயக் கம்பி. டார்ச்சு பிடிக்க மூன்றாவது கை வேண்டும். மூன்றாவது கை ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டில் இருந்தது.

அதற்கு முன் ஞாயிறு எப்படிப் போகும் என்றால், மணிமொழி துவைப்பாள், மாவு அரைப்பாள், மிச்ச நேரம் தூங்குவாள். மலையில் வாரம் முழுக்க நடந்த கால்கள். எழுப்ப மனம் வராது. எழுந்தால் மறுபடி பையில் துணி வைக்கத் தொடங்குவாள். டார்ச்சு வந்த பிறகு அது மாறிவிட்டது. மதியச் சாப்பாடு முடிந்ததும் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் காட்டுகிற இடத்தில் வெளிச்சம் அடிப்பாள். அடித்துக்கொண்டே பேசுவாள். கையில் டார்ச்சு இருக்கிறவள் தூங்க முடியாது அல்லவா.

"ஒரு பொண்ணுக்கு ஜீப்புலயே புள்ள பொறந்துடுச்சு. டிரைவரு கண்ண மூடிக்கினான்."

"ஓட்டிக்கினு இருக்கும்போதா?"

"நிறுத்திட்டுத்தாங்க. ஆனா ஸ்டியரிங்க உடல."

காசிநாதன் சிரிப்பார். ஈயம் வேறெங்கோ சொட்டும். மறுபடி முதலிலிருந்து. கரடி வந்து பலாப்பழத்தைத் தின்ற கதை, மாத்திரையைக் கோழிக்குப் போட்டுவிட்டு 'ஜுரம் நிக்கல' என்று வந்த கிழவர் கதை, இப்படி அவள் ஒரு வாரத்து மலையை ஒரு மதியத்தில் இறக்கி வைப்பாள். காசிநாதன் அடுத்த ஆறு நாளும் அதை எடுத்து எடுத்துச் சாப்பிடுவார்.

இப்படி இருக்கையில்தான் ஒரு செவ்வாய்க்கிழமை அவருக்குப் பொறுமை போயிற்று. உளுந்தூர்பேட்டையில் ஒரு டிவி மெக்கானிக்கிடம் வாங்கி வந்த புதுக் கண்டன்சர் மேசையில் கிடந்தது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தானே உட்கார்ந்தார். தாடை வலித்தது. சட்டையில் எச்சில் ஒழுகியது. பழையதை எடுத்தார், புதியதை வைத்தார், ஈயத்தைத் தொட்டார், பொத்தானை அழுத்தினார்.

முனகல் இல்லை. சிவப்பு விளக்கு நின்று எரிந்தது. ஒரு கட்டையை அழுத்தினார். புல்லாங்குழல் வந்தது. அவ்வளவு வருடம் பரணில் கிடந்தது ஒரு பிசிறும் இல்லாமல் பாடியது.

"மணி," என்று கூப்பிட்டார்.

செவ்வாய்க்கிழமை. யாரும் வரவில்லை.

அவர் இன்னொரு கட்டையை அழுத்தினார். அப்புறம் கையை எடுத்துக்கொண்டார். அரை மணி நேரம் அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெட்டி சரியாகிவிட்டது. இனி டார்ச்சு எதற்கு? முக்காலி எதற்கு? ஞாயிற்றுக்கிழமை மதியம் மணிமொழி எதற்கு உட்கார வேண்டும்? துவைப்பாள், அரைப்பாள், தூங்குவாள்.

இந்த இடத்தில்தான் அந்தத் தீர்மானம் பிறந்தது. டார்ச்சை மறுபடி வாயில் கவ்வினார். புதுக் கண்டன்சரை எடுத்துவிட்டு உப்பின பூரியையே திரும்ப வைத்து ஈயம் பூசினார். பெட்டி 'ஙொய்ய்ய்' என்றது. காசிநாதனுக்கு உயிர் வந்தது.

ஞாயிறு மணிமொழி டார்ச்சு பிடித்தாள். அதற்கடுத்த ஞாயிறும் பிடித்தாள். காசிநாதன் தேவையில்லாத திருகுகளையெல்லாம் கழற்றி மாட்டினார். "இது வேற கோளாறா இருக்கும் போல மணி, ஆழமா போயிருக்குது," என்று தலையை ஆட்டினார்.

திட்டம் அத்தோடு நின்றிருந்தால் பிழைத்திருப்பார். ஆனால் நல்ல கண்டன்சர் அலமாரியில் இருக்கும்போது ஆறு நாள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா? திங்கட்கிழமை பஸ் கிளம்பியதும் நல்லதை வைப்பார். சனிக்கிழமை மதியம் கெட்டதை வைப்பார். சத்தம் வெளியே கேட்டால் பக்கத்து வீட்டு ராணியம்மாள் காதில் விழும். ராணியம்மாள் காதில் விழுந்தது நைனார்பாளையம் வரை போகும். ஆகவே ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசித்தார். பெட்டியின் உள்ளே முழுக் கச்சேரி. வெளியே ஒரு பொட்டுச் சத்தம் கிடையாது. தன் புத்தியை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை மணிமொழி முந்தின பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். காசிநாதன் அப்போதுதான் கெட்டதை வைத்து மூடி, கடைசித் திருகை முடுக்கி நிமிர்ந்திருந்தார். அவள் பையை வைத்துவிட்டு, பெட்டியின் முதுகில் கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

"சுடுதே," என்றாள்.

"வெயிலு."

"மழ தூறிக்கினு இருக்குதுங்க."

"காலையில அடிச்ச வெயிலு. அது உள்ளயே இருக்கும்."

மணிமொழி அவர் நெற்றியையும் தொட்டுப் பார்த்தாள். "நீங்க பரவால்ல," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை அவர் பின்கட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் ராணியம்மாளின் ரகசியக் குரல் கேட்டது. அவள் ரகசியம் பேசினால் தெருமுனையில் இருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் காதைத் தீட்ட வேண்டும்.

"மணிமொழி, சொல்றேன்னு தப்பா எடுத்துக்காத. உன் வூட்டுக்காரரு ஒரு மாதிரி ஆயிட்டாருடி."

"ஏன்க்கா, இன்னா ஆச்சு?"

"பொட்டி முன்னால குந்திக்கினு, காதுல இன்னாவோ மாட்டிக்கினு, கட்டய போட்டு அமுக்கறாரு, அமுக்கறாரு, ஒரு சத்தமும் வரல. ஆனா தலைய ஆட்டறாரு. கண்ண மூடிக்கினு சிரிக்கறாரு. ஜன்னல் வழியா பாத்தேன். பகீர்னு ஆயிடுச்சு."

"எந்தக் கெழமக்கா?"

"எல்லாக் கெழமையும்தான். நீ இல்லாதப்ப."

"சத்தமே வரலியா?"

"அதான் சொல்றனே. ஒண்டியா கெடந்து மனுசனுக்கு மண்ட கொழம்பிப்போச்சு. வேப்பிலை அடிக்கறவங்க ஒருத்தங்க இருக்காங்க, கேட்டு வைக்கட்டா?"

"நான் பாத்துக்கறேன்க்கா."

காசிநாதன் வாய் நிறைய நுரையோடு மூச்சு விட்டார். நல்லவேளை. பைத்தியம் என்றுதான் நினைத்திருக்கிறாள். பெட்டி ஓடுகிறது என்று நினைக்கவில்லை. மானம் போனாலும் ரகசியம் பிழைத்தது.

மதியம் மணிமொழி வழக்கம்போல முக்காலியில் உட்கார்ந்து டார்ச்சு அடித்தாள். வெளிச்சம் அவர் காட்டிய இடத்தில் நிற்காமல் மெதுவாக நகர்ந்து, உப்பின கண்டன்சரின் காலடிக்குப் போய் நின்றது.

"இந்த ஈயம் புதுசா மினுக்குதே."

"துடைச்சேன்."

"ஓ." வெளிச்சம் நகரவில்லை. "எங்க ஆஸ்பத்திரிக்கு ஒரு அம்மா வரும்ங்க. வாராவாரம் தலவலி. ரத்தம் பாத்தாச்சு, கண்ணு பாத்தாச்சு, எல்லாம் நல்லாத்தான் இருக்குது. டாக்டரு மாத்திரை எழுதி எழுதி ஓய்ஞ்சுட்டாரு."

"அப்புறம்?"

"ஒரு நாளு நான் பக்கத்துல குந்தி, வூட்ல யாரு இருக்காங்கன்னு கேட்டேன். யாரும் இல்லியாம். புள்ளைங்க திருப்பூர்ல. அன்னிக்கு ரெண்டு மணி நேரம் பேசிட்டு எழுந்து போச்சு. மாத்திரைய மறந்து வச்சிட்டுப் போயிடுச்சு."

காசிநாதன் ஒரு திருகை மிகக் கவனமாகப் பார்த்தார். "பாவம்," என்றார்.

"பாவந்தான். ஆனா அந்த அம்மா பரவால்ல. அதுவா நடந்து ஆஸ்பத்திரிக்கு வருது."

வெளியே ஆடிக்காற்று தகரக் கூரையைப் போட்டுத் தட்டியது. பிறகு மணிமொழி வேறு பேச்சு எடுத்தாள்.

"புதன்கிழம அங்க ஊசி போடற நாளு. அம்பது புள்ளைங்க வரும். ஒண்ணு அழ ஆரம்பிச்சா மொத்தமும் அழும். இந்தப் பொட்டில குருவி கத்தும், ரயிலு ஓடும்னு சொல்வீங்களே. அத வச்சா வேடிக்க பாக்குமில்ல?"

"பொட்டிதான் ஓடலியே."

"ஆமா. அதான் தூக்கிக்கினு போலாம்னு பாக்கறேன். எங்களுக்கு சோலார் ரிப்பேர் பாக்க சுபாஷ்னு ஒரு பையன் வருவான். கெட்டிக்காரன். தொறந்து பாத்தான்னா ஒரு நிமிசத்துல இன்னா கோளாறுன்னு சொல்லிடுவான்."

காசிநாதனின் கையிலிருந்த திருப்புளி தரையில் விழுந்தது. ஒரு நிமிடம். அந்தப் பையனுக்கு ஒரு நிமிடம்கூட வேண்டாம். மூடியைத் திறந்ததும், புது ஈயத்தில் நிற்கிற பழைய பூரியைப் பார்த்து, 'அக்கா, இத எவன் வேணும்னே வச்சான்?' என்று கேட்பான்.

"கண்டவன் கை வைக்கற பொட்டி இல்ல இது," என்றார்.

"கண்டவன் இல்லீங்க. ஐடிஐ படிச்சவன்."

"எதப் படிச்சாலும் சரி. பழைய ஜப்பான் சரக்கு. நான்தான் பாக்கணும்."

"நீங்க இங்க இல்ல இருக்கீங்க?"

"நான் வரேன்."

"எங்க?"

"மலைக்கு."

மணிமொழி டார்ச்சை அணைத்தாள். "வேணாங்க. வளைவுக்கு வளைவு வாந்தி வரும்."

"வந்தா வரட்டும்."

"நர்சம்மா வூட்டுக்காரருன்னு சொல்லுவாங்க."

"சொன்னா சொல்லட்டும்."

"எனக்காக நீங்க கஷ்டப்படக் கூடாது. சுபாஷே பாக்கட்டும்."

"மணி, நான் வரேன்னா வரேன்," என்றார் காசிநாதன். "தீர்மானம் பண்ணிட்டேன்."

திங்கட்கிழமை விடியற்காலை, நல்ல கண்டன்சர் சட்டைப் பையில் இருக்க, போர்வையில் சுற்றிய சிந்தசைசரை இருவரும் தலைமாடு கால்மாடாகத் தூக்கி பஸ்ஸில் ஏற்றினார்கள். கடைசி சீட்டில் நீளவாக்கில் கிடத்தினார்கள். கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"இது இன்னா நர்சம்மா, லக்கேஜா, ஆளா?"

"பேஷண்டு."

"கூட இருக்கறவரு?"

"அவரும்தான்," என்றாள் மணிமொழி.

கச்சிராயபாளையம் தாண்டும்வரை காசிநாதன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கோமுகி அணையைப் பார்த்ததும் கண்ணை மூடினார். வளைவுகள் தொடங்கின. மணிமொழி ஒரு எலுமிச்சம்பழத்தை அவர் மூக்கருகில் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் மெதுவாக, "இப்ப வலது பக்கம்," "இப்ப இடது பக்கம்," என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எந்தப் பக்கம் சாய்வோம் என்று முன்கூட்டியே தெரிந்தால் வயிறு புரளாது என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. ஒருமுறைகூட வாந்தி வரவில்லை. இது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது.

குவார்ட்டர்ஸ் சின்னது. ஒரு அறை, ஒரு சமையலறை, ஜன்னலுக்கு வெளியே சாமை வயல். சுவரோரம் இரண்டு கட்டில்கள் கிடந்தன. ஒன்று புதிதாகக் கயிறு பின்னியது. காசிநாதன் அதைக் கவனித்தார். எதற்கு என்று கேட்கவில்லை. அவருக்கு வேறு அவசரம். சுபாஷ் வருவதற்குள் முடிக்க வேண்டும்.

"டார்ச்சு," என்றார்.

மணிமொழி டார்ச்சு அடித்தாள். அவள் பார்க்காத நேரத்தில் மாற்றிவிடலாம் என்று அவர் காத்திருந்தார். அவள் பார்க்காத நேரமே வரவில்லை.

"மணி, அடுப்புல ஏதோ தீயுது."

"அடுப்பே பத்த வைக்கலீங்க."

"அப்ப குடிக்கத் தண்ணி கொண்டா."

அவள் எழுந்து போனாள். திரும்பி வர நிறைய நேரம் எடுத்துக்கொண்டாள். தண்ணீர்ப் பானை பக்கத்துச் சமையலறையில்தான் இருந்தது. அவள் வந்தபோது சிவப்பு விளக்கு நின்று எரிந்தது.

"அட," என்றாள் மணிமொழி. "எத்தினி மாசமா ஆவாதது, ஒரு சொம்பு தண்ணி மொள்றதுக்குள்ள ஆயிடுச்சே."

"மலைக்காத்து. ஈரம் கம்மியா இருக்குதில்ல."

ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"சரி, அந்த சுபாஷ் பையன்கிட்ட வரவேணாம்னு சொல்லிடு," என்றார் அவர்.

"எந்த சுபாஷு?"

"அதான், சோலார் பாக்கறவன்."

"ஓ, அவனா? அவன் போன வருசமே சேலத்துக்குப் போயிட்டானே."

புதன்கிழமை பிள்ளைகள் வந்தன. சுகாதார நிலையத்து வராந்தாவில் காசிநாதன் ஒரு பெஞ்சு மேல் சிந்தசைசரை வைத்து உட்கார்ந்தார். முதல் குழந்தை ஊசியைப் பார்த்து வாயைத் திறந்தது. காசிநாதன் குருவியை விட்டார். குழந்தை திறந்த வாயோடு கூரையைப் பார்த்தது. ஊசி போட்டு முடிந்தது. அடுத்ததற்கு ரயில். அது தூரத்தில் கிளம்பி, பாலத்தில் ஏறி, கூவிக்கொண்டு வந்தது. அங்கிருந்த பிள்ளைகளில் பலர் ரயிலைப் பார்த்ததே இல்லை. ஆகவே அவர்கள் அழ மறந்து வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். ஊசி போட்டுக்கொண்டு போன ஒரு சிறுமி திரும்பி வந்து மறு கையை நீட்டினாள். "இன்னொரு ரயிலு," என்றாள்.

ஊசியெல்லாம் முடிந்தும் கூட்டம் கலையாமல் நின்றபோது, அவர் புல்லாங்குழலுக்கு மாற்றி வாசித்தார். ஹெட்போன் இல்லை. சத்தம் வராந்தாவைத் தாண்டி, வயலைத் தாண்டிப் போயிற்று. ஒரு பெண் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, "நல்லா இருக்குதுங்க," என்றாள். யாராவது ஒருவர் அவரிடம் அப்படிச் சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது. நர்சம்மா வீட்டுக்காரர் என்று யாரும் சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் அவர் ரயிலு தாத்தா ஆகியிருந்தார்.

இருட்டுவதற்கு முன் மணிமொழி டீ போட்டுக் கொடுத்தாள்.

"காலையில மொத பஸ்ஸு இருக்குதுங்க," என்றாள்.

"ம்."

"பொட்டி இங்கயே இருக்கட்டும். புதன் புதன் வேணும். நான் ரெண்டு கட்டையக் கத்துக்கினு குருவிய உட்டுக்கறேன்."

"ம்."

"அப்புறம் இன்னொண்ணு. பொட்டிதான் சரியாயிடுச்சே. இனிமே டார்ச்சு புடிக்க ஞாயித்துக்கிழம வர வேணாமில்ல? எறங்கி ஏற முட்டி வலிக்குது. மாசத்துக்கு ஒரு தபா வந்துட்டுப் போறேன்."

காசிநாதன் டீயைக் கீழே வைத்தார். வீடு அவர் கண் முன்னால் வந்தது. பெட்டி இல்லாத மேசை. ஞாயிறு இல்லாத வாரம். பக்கத்து அறையில் டிவி பேசுகிறது. அவர் பதில் சொல்கிறார். கேரம் போர்டில் அவர் மறுபடி தோற்கிறார்.

"மணி," என்றார். "அது முழுசா சரியாவல."

"எது?"

"பொட்டிதான்."

"நல்லாத்தானே பாடுச்சு?"

"வெளிய பாத்தா நல்லாத்தான் இருக்கும். ஓடும், பாடும். ஆனா ஒண்டியா உட்டா நின்னுடும். பக்கத்துல ஆள் இருந்தாத்தான் ஓடும்."

மணிமொழி முக்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் டார்ச்சு இல்லை.

"அது மாதிரி நோயாளிங்கள எனக்குத் தெரியும்ங்க," என்றாள். "வாராவாரம் அலைய வைக்கக் கூடாது. படுக்கையில சேத்துடணும். எத்தினி நாளு ஆவும்?"

"ஒரு பத்து நாளு இருந்து பாக்கறேன். உனக்காக இல்ல. பொட்டிக்காக."

"தெரியும்ங்க."

"நானா எடுத்த முடிவு இது. யாரும் சொல்லி இல்ல."

"யாரு சொல்ல முடியும் உங்களுக்கு?"

காசிநாதன் போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். சிக்னல் கிடைக்கிற பாறை மேல் ஏறி நின்று, நெஞ்சை நிமிர்த்தி, கள்ளக்குறிச்சிப் பால்காரர் இளவரசனைக் கூப்பிட்டார்.

"இளவரசா, நான் காசிநாதன் சார் பேசறேன். திடீர்னு ஒரு முடிவு எடுத்திருக்கேன். பத்து நாளைக்குப் பால் வேணாம்."

"பத்து நாளா சார்?" என்றார் இளவரசன். "பொங்கல் வரைக்கும் வேணாம்னு அக்கா ஞாயித்துக்கிழமையே சொல்லிட்டாங்களே."